தன்னந்தனியே 24 நாள்! சிங்கப்பூரில் தொடங்கி வத்தல்மலையில் முடிந்த பயணம்

தர்மபுரியில் என் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் வத்தல்மலை தெரியும். காலையில் நீல நிறமாக இருக்கும். மழைக் காலத்தில் தலையில் மேகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்கும். 36 ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை பார்த்தேன். தினமும் அந்த மலையைப் பார்த்தேன். ஆனால், ஒரு நாள்கூட அதன்மேல் ஏறியதில்லை!

கடல் கடந்து போய், வேறு நாட்டு மலைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு மலைவாசிப் பெண் என்னிடம் 3 கேள்விகள் கேட்டார். அந்தக் கேள்விகள்தான் என்னை வத்தல்மலைக்கு இழுத்துக்கொண்டு போயின. அந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

"தனியாகவா?"

என் மனைவி காலமாகி 2 ஆண்டுகள் ஆகிவிட்டன. "சிங்கப்பூரைப் பார்க்க வேண்டும்" என்று அவள் சொல்லிக்கொண்டே இருப்பாள். வேலை, பிள்ளைகள் படிப்பு, மகள் கல்யாணம் என்று நாள் கடந்துவிட்டது. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சம் மீதி இருந்தது. "போய் வருகிறேன்" என்றேன்.

"இந்த வயசுல தனியாவா? கூட யாராவது வேண்டாமாப்பா?" என்று மகன் கேட்டான்.

"வழித் துணைக்கு வாய் இருக்கிறது" என்று சொன்னேன். 2024-ம் ஆண்டு நவம்பர் மாதம், திருச்சியில் விமானம் ஏறினேன்.

சிங்கப்பூரில் தமிழ்

சிங்கப்பூரில் இறங்கியதும் எனக்கு ஓர் ஆச்சரியம். விமான நிலையத்திலேயே தமிழ் எழுத்து! அந்த நாட்டில் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய 4 மொழிகளும் ஆட்சி மொழிகள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும். அங்கே ஒரு தமிழர் வழி தெரியாமல் திண்டாட வேண்டியதில்லை.

சவுத் பிரிட்ஜ் ரோட்டில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. 1827-ம் ஆண்டில் தோன்றிய கோவில் அது. அதைக் கட்ட முன்நின்றவர் நாராயண பிள்ளை. 1819-ம் ஆண்டில், ராபிள்ஸ் துரையோடு பினாங்கிலிருந்து கப்பலில் வந்தவர். சுற்றிலும் சீனர்களின் கடைகள். நடுவே நம்மூர்க் கோபுரம்! என் மனைவி பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்தேன். மனம் லேசானது.

கப்பலேறிப் போனவர்களின் ஊர்

அடுத்து பினாங்கு. என் தாத்தாவின் தம்பி அந்த ஊருக்குப் போனவர். அந்தக் காலத்தில் 'ரஜுலா' என்று ஒரு கப்பல் இருந்தது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போகும். 1926-ல் ஓடத் தொடங்கிய அந்தக் கப்பல் 1973 வரை ஓடியது. போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. தாத்தாவின் தம்பியும் வரவில்லை.

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு 513 படிகள் ஏற வேண்டும். நின்று நின்றுதான் ஏறினேன். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கீழே கடல் பெரிதாகிக்கொண்டே போயிற்று. தைப்பூசத்தையொட்டி அந்தப் பக்கம் வெள்ளி ரதம் வரும். சீனர்களும்கூடத் தேங்காய் உடைப்பார்களாம்.

பினாங்கில் இன்னொரு மலையும் உண்டு. மலாய் மொழியில் 'புக்கிட் பெண்டேரா' என்பார்கள். 'கொடி மலை' என்று அர்த்தம். உயரம் 2 ஆயிரத்து 700 அடிக்கு மேல். அதன் உச்சிக்கு ரயில் போகிறது! செங்குத்தான பாதையில் கம்பி வடம் கட்டி இழுக்கிறார்கள். 1923-ம் ஆண்டு முதல் அங்கே ரயில் ஓடுகிறது. கண்ணை மூடித் திறப்பதற்குள் உச்சிக்குப் போய்விட்டேன்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே மலை உச்சிக்கு ரயில்! அப்போது அது எனக்கு வெறும் வேடிக்கையாகத்தான் தெரிந்தது. அதன் அருமை பிறகுதான் புரிந்தது.

அபினி போய், காப்பி வந்தது

பாங்காக் நகரத்தில் 2 நாள் தங்கினேன். பிறகு ராத்திரி ரயிலில் ஏறி வடக்கே சியாங்மாய் நகரத்துக்குப் போனேன். 751 கிலோ மீட்டர் தூரம். விடிந்து பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே மலைகள்!

நான் போய்ச் சேர்ந்தது பவுர்ணமி சமயம். ஊரே ஆற்றங்கரையில் கூடி இருந்தது. வாழை மட்டையில் சிறு தெப்பம் செய்து, அதில் பூவும் விளக்கும் வைத்து ஆற்றில் விட்டார்கள். 'லாய் கிரத்தோங்' என்று அந்தப் பண்டிகைக்குப் பெயர். நமது திருக்கார்த்திகையும் ஆடிப்பெருக்கும் ஒன்று சேர்ந்தது போல இருந்தது.

மறுநாள் டோய் சுத்தேப் மலைமேல் உள்ள புத்தர் கோவிலைப் பார்த்தேன். படிக்கட்டின் இரு பக்கமும், படி நெடுக நாகப் பாம்பு உருவம். 300-க்கும் மேற்பட்ட படிகள். கால் வலித்தது. மனம் வலிக்கவில்லை.

தாய்லாந்தின் வடக்கு மலைகளில் கரேன், மோங், லிசு, ஆக்கா என்று பல மலைவாசி மக்கள் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் அங்கே பல கிராமங்களில் அபினிச் செடி பயிரிட்டார்கள். வேறு பயிருக்கு விலை இல்லை. விற்க வழியும் இல்லை. 1969-ம் ஆண்டில் பூமிபால் மன்னர் ஒரு திட்டம் தொடங்கினார். அபினிக்குப் பதிலாகக் காப்பி, பழங்கள், காய்கறிகள் பயிரிடக் கற்றுக் கொடுத்தார்கள். விளைந்ததை வாங்கிக்கொள்ளவும் ஏற்பாடு செய்தார்கள்.

'பயிரை மாற்று' என்று சொன்னால் மட்டும் போதாது. விற்க வழி செய்ய வேண்டும். அந்தத் திட்டத்தின் சூட்சுமம் இதுதான்!

சியாங்மாயில் எனக்கு ஒரு கஷ்டமும் வந்தது. மழையில் வழுக்கி விழுந்தேன். மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் எதையும் படிக்க முடியவில்லை. எழுத்துத் தெரியாதவர்கள் வெளியூரில் எப்படித் தவிப்பார்கள் என்பதை அந்த ஒரு நாளில் தெரிந்துகொண்டேன். ஒரு பழக்காரப் பெண் என் கையைப் பிடித்துக் கண்ணாடிக் கடைக்கு அழைத்துப் போனார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை. நான் பேசியது அவருக்குப் புரியவில்லை. ஆனால், காரியம் நடந்தது!

25 ஆயிரத்துக்கு ஒரு காப்பி!

பிறகு வியட்நாம். சைகோன் என்று நாம் கேள்விப்பட்ட நகரத்துக்கு இப்போது ஹோ சி மின் நகரம் என்று பெயர். அங்கேயும் ஒரு மாரியம்மன் கோவில்! முன்பு அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் கட்டியது. இப்போது அங்கே தமிழர்கள் மிகக் குறைவு. வியட்நாம் மக்களே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள். ஓர் அம்மாள் சுவரில் நெற்றியை வைத்து, தம் குறையை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி குடித்தேன். "25 ஆயிரம்" என்றார் கடைக்காரர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வியட்நாம் பணத்துக்கு 'டாங்' என்று பெயர். 25 ஆயிரம் டாங் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 80 ரூபாய்தான்.

காப்பியும் நம்மூர்ப் பில்டர் காப்பிக்குச் சொந்தக்காரன்தான். கண்ணாடி டம்ளர்மேல் சின்னத் தகர வடிகட்டியை வைக்கிறார்கள். அதில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறார்கள். சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. அடியில் டின் பால். காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

மலைவாசிப் பெண் கேட்ட 3 கேள்விகள்

அங்கிருந்து டாலாட் என்ற மலை நகரத்துக்குப் போனேன். சுமார் 5 ஆயிரம் அடி உயரம். ஏறக்குறைய நமது ஏற்காட்டின் உயரம். எங்கு பார்த்தாலும் பைன் மரம், பூந்தோட்டம், காப்பித் தோட்டம்.

இந்த இடத்தை 1893-ல் வெளி உலகத்துக்குச் சொன்னவர், எர்சின் என்ற டாக்டர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். அடுத்த ஆண்டே ஹாங்காங் போய், பிளேக் நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார். கல்யாணமே செய்துகொள்ளாமல், மலையிலும் கடற்கரையிலும் தனியாகச் சுற்றியவர். நாட்ராங் என்ற கடற்கரை ஊரில் வாழ்ந்து, 1943-ல் காலமானார்.

ஆனால், எர்சின் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே அந்த மலையில் மனிதர்கள் இருந்தார்கள். அவர்கள் 'கோஹோ' மக்கள். 'டாலாட்' என்ற பெயரே, 'லாட் மக்களின் ஓடை' என்ற பொருளில் வந்தது. லாட் என்பது அவர்களில் ஒரு பிரிவு.

லாங்பியாங் என்ற மலையின் அடிவாரத்தில், ஒரு கோஹோ குடும்பத்தின் காப்பித் தோட்டத்துக்குப் போனேன். காப்பிப் பழம் சிவந்திருந்தது. வீட்டு அம்மாளுக்கு 50 வயது இருக்கும். அவருடைய மகனுக்கு இங்கிலீஷ் தெரியும். தாய் கேட்க, மகன் மொழிபெயர்த்தான்.

"உங்கள் ஊரில் மலை உண்டா?"

"உண்டு. என் வீட்டு மாடியில் நின்றாலே தெரியும்."

"அதில் யார் இருக்கிறார்கள்?"

"மலைவாசி மக்கள்..." என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

"என்ன பயிர் வைக்கிறார்கள்?"

நான் விழித்தேன். பிள்ளைகளுக்குப் பூகோளப் பாடம் நடத்திய வாத்தியார் நான்! ஆப்பிரிக்காவில் என்ன விளைகிறது என்று கேட்டிருந்தால் சொல்லி இருப்பேன். என் வீட்டு எதிரே இருக்கிற மலையில் என்ன விளைகிறது என்று தெரியவில்லை. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. காப்பித்தூள் பொட்டலம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

டாலாட்டில் இருந்து மலை இறங்கினால் நாட்ராங் கடற்கரை. சுமார் 140 கிலோ மீட்டர். நம்மூர் ஐப்பசி, கார்த்திகை போலவே அங்கேயும் அடைமழை. குன்றின்மேல் 'போநகர்' என்ற பழைய கோவில் இருக்கிறது. சாம்பா தேசத்து அரசர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டிய செங்கல் கோபுரங்கள். சமஸ்கிருதக் கல்வெட்டுகளும் உண்டு. அதையெல்லாம் பார்த்தேன். ஆனால், மனம் அங்கே இல்லை. வத்தல்மலையில் இருந்தது.

வத்தல்மலைக்கு பஸ்!

2025-ம் ஆண்டு, பொங்கல் கழித்து ஒரு நாள். தர்மபுரியில் வத்தல்மலை பஸ்சில் ஏறினேன். கைப்பையில் அந்த வியட்நாம் காப்பித்தூள் இருந்தது.

தர்மபுரியிலிருந்து மலைமேல் ஊருக்கு ஏறக்குறைய 25 கிலோ மீட்டர். 24 நாள் ஊர் சுற்றியவனுக்கு இது ஒரு தூரமா? கொமத்தம்பட்டியைத் தாண்டினால் அடிவாரம். அங்கிருந்து ஏற்றம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதுக்கு மேல். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் ஆரன் அடித்துத் திருப்பினார். கீழே ஏரிகளும் தென்னந்தோப்புகளும் சின்னதாகிக்கொண்டே போயின. 3 ஆயிரம் அடிக்கு மேலே ஏறியதும், ஜன்னலில் குளிர் காற்று அடித்தது.

பக்கத்துச் சீட்டில் ஒரு மூதாட்டி. 70 வயதுக்கு மேல் இருக்கும். மடியில் ஒரு துணி மூட்டை. கல்லூரியில் இருந்து திரும்பும் பெண்கள் பின்னால் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"யாரு வூட்டுக்குப் போறீங்க சாமி?" என்று மூதாட்டி கேட்டார்.

"யார் வீட்டுக்கும் இல்லை அம்மா. மலையைப் பார்க்க வந்தேன்" என்றேன்.

"அப்போ எங்க வூட்டுக்கு வாங்க" என்றார்!

வத்தல்மலையில் யார் இருக்கிறார்கள்?

வத்தல்மலை ஒரே ஊர் அல்ல. பெரியூர், சின்னாங்காடு, பால்சிலம்பு, நாயக்கனூர், மண்ணாங்குழி என்று பல சிறு கிராமங்கள். இங்கே வாழ்பவர்கள் பெரும்பாலும் 'மலையாளி' என்ற பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. இவர்கள் பேசுவது தமிழ். மலையில் வாழ்வதால் அந்தப் பெயர். சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி மலை ஆகிய இடங்களிலும் இவர்கள் இருக்கிறார்கள். முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்றும், அண்ணன் தம்பிகள் 3 பேர் ஆளுக்கு ஒரு மலையில் குடியேறினார்கள் என்றும் ஒரு கதை இவர்களிடையே வழங்குகிறது.

என்ன பயிர் வைக்கிறார்கள்? கோஹோ அம்மாள் கேட்ட அந்தக் கேள்விக்கு, பஸ்சைவிட்டு இறங்கியதுமே பதில் கிடைத்தது. சில்வர் ஓக் மரங்கள். அவற்றின்மேல் மிளகுக் கொடி. கீழே காப்பிச் செடி. கிளை நெடுகச் சிவப்புப் பழம்!

அதே காப்பி. அதே சிவப்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காப்பிக்கும் ஒரு பயணக் கதை உண்டு. 1690-களில் டச்சுக்காரர்கள் மலபார்க் கரையில் இருந்து காப்பி நாற்றுகளைக் கப்பலில் ஏற்றி, ஜாவாத் தீவுக்குக் கொண்டு போனார்கள். 1857-ல் பிரெஞ்சுப் பாதிரியார்கள் மூலம் வியட்நாமில் காப்பி நுழைந்தது. இன்று காப்பி ஏற்றுமதியில் அந்த நாடு உலகத்தில் 2-வது இடத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் சேர்வராயன் மலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்தார். மலைக்கு மலை தாவி நடந்த செடி அது!

காப்பி வருவதற்கு முன் இந்த மலைமக்களின் உயிர் சாமையிலும் கேழ்வரகிலும் இருந்தது. "எங்க ஆத்தா காலத்துல மூணு வேளையும் சாமைதான். இப்போ ரேஷன் அரிசி" என்றார் மூதாட்டி.

தூளியில் போன மகள்

வீடு சிறியது. வாசலில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஓர் இளம்பெண் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்பில் ஒரு குழந்தை.

"இவ என் பேத்தி. இவளைப் பெத்தவ உசுரோட இல்லீங்க" என்று தொடங்கினார் மூதாட்டி.

அப்போது மலைக்கு ரோடு கிடையாது. எதற்கும் நடந்துதான் இறங்க வேண்டும். அவருடைய மகளுக்கு ராத்திரியில் பிரசவ வலி எடுத்தது. பிள்ளை வெளியே வரவில்லை. மூங்கிலில் புடவையைத் தூளியாகக் கட்டி, அதில் மகளைப் படுக்க வைத்தார்கள். ஆண்கள் 4 பேர் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். முன்னால் ஒருவர் தீவட்டி பிடித்துப் போனார். மழை வேறு. பாதையெல்லாம் வழுக்கல்.

"பாதி வழியில பிள்ளை பொறந்துடுச்சு. அழுவுற சத்தம் கேட்டுச்சு. 'பொண்ணு பொறந்திருக்குடி'ன்னு என் மகள்கிட்ட சொன்னேன். சிரிச்சா. அடிவாரம் போறதுக்குள்ள ரத்தமெல்லாம் போயிடுச்சு. விடியுறதுக்குள்ள கண்ணை மூடிட்டா."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

வழியில் பிறந்த அந்தப் பெண் குழந்தைதான் இந்தப் பேத்தி. அவளுக்குப் பிரசவ வலி வந்தபோது மலையில் தார் ரோடு இருந்தது. வண்டியில் தர்மபுரிக்குப் போனாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றாள். 5-ம் நாள் அதே வழியில் வண்டியிலேயே வீடு திரும்பினாள்.

வத்தல்மலைக்குத் தார் ரோடு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. பஸ் வந்தது அதற்கும் பின்னால்தான். 2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி, முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் மலைமேல் வந்து இந்த மக்களைச் சந்தித்துப் பேசினார். பினாங்கு மலையில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரயில் ஓடியது. இங்கே தாய் ஒருத்தி தூளியில் போனாள். பினாங்கில் நான் வேடிக்கை பார்த்த அந்த ரயிலின் அருமை எனக்கு இங்கேதான் புரிந்தது.

ரோடு எல்லாவற்றையும் சரி செய்துவிடவில்லை. இளைஞர்கள் வேலை தேடித் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் போகிறார்கள். காப்பிக்கு நல்ல விலை கிடைக்கும் வரை இருப்பு வைத்திருக்க முடிவதில்லை. கைக்குப் பணம் வேண்டுமே! "ரோடு வந்ததும் நிலத்தை விலைக்குக் கேட்டும் வராங்க. வித்துட்டா அப்புறம் நாங்க எங்க போறது?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டார். அந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

2 மலைக் காப்பி

கைப்பையில் இருந்த பொட்டலத்தை எடுத்தேன். டாலாட் கதையைச் சொன்னேன். பேத்தி அடுப்பில் 2 பாத்திரம் வைத்தாள். ஒன்றில் வியட்நாம் தூள். இன்னொன்றில் வீட்டிலேயே வறுத்து இடித்த வத்தல்மலைத் தூள். இரண்டிலும் வெல்லம் போட்டாள். பால் இல்லை. கடுங்காப்பி!

மூதாட்டி இரண்டையும் குடித்துப் பார்த்தார். "அதுவும் நல்லாத்தான் இருக்கு. எங்களுதுல மண்ணு வாசம் இருக்கு" என்றார்.

பிறகு கேட்டார்: "ஏன் சாமி, அந்த ஊரு மலையில ரோடு இருக்குதா? பொம்பளைங்க பிரசவத்துக்கு எங்க போவாங்க?"

நான் மறுபடியும் விழித்தேன். கோஹோ வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காப்பி குடித்தேன். படம் எடுத்தேன். ஆனால், இதைக் கேட்கவில்லை! அந்த அம்மாள் என் ஊர் மலையைப் பற்றிக் கேட்டார். இந்த அம்மாள் அவர் ஊர் மலையைப் பற்றிக் கேட்கிறார். 24 நாள் சுற்றிய நான்தான் ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன்.

தனியாகப் போகிறவர்களுக்குச் சில யோசனைகள்

வெளிநாடு போகும் முன், விசா விதிகளை நன்றாக விசாரித்துக்கொள்ளுங்கள். அவை அடிக்கடி மாறும்.

பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றைத் தனிப் பையில் வையுங்கள். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டாகக் கொண்டு போங்கள். மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும்.

சைவச் சாப்பாடு வேண்டுமானால், தாய்லாந்தில் 'ஜே' என்று சொல்லுங்கள். வியட்நாமில் 'சாய்' என்று சொல்லுங்கள். புரிந்துகொள்வார்கள்.

வத்தல்மலைக்குப் போகிறவர்கள், திரும்பும் பஸ்சின் நேரத்தை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கம்பளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையையும் பாட்டிலையும் மலையில் போட்டுவிட்டு வராதீர்கள். காப்பியும் மிளகும் வாங்க நினைத்தால், விளைவித்தவர் கையிலேயே விலை கொடுத்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாயைத் திறந்து கேளுங்கள். இடத்தைப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், அங்கே இருக்கிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேளுங்கள்.

மாலை பஸ்சில் மலை இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, டாலாட் பையனுக்குச் செல்போனில் எழுதினேன். 'உங்கள் அம்மாள் கேட்ட கேள்விகளுக்கு இப்போது பதில் தெரியும். எங்கள் மலையில் மலையாளி மக்கள் இருக்கிறார்கள். காப்பி, மிளகு, சாமை விளைகிறது. எங்கள் மலையில் ஓர் அம்மாள் உங்கள் அம்மாளிடம் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்' என்று எழுதி, கேள்வியையும் எழுதினேன்.

பதில் வந்ததும் மறுபடியும் வத்தல்மலை பஸ்சில் ஏற வேண்டும்.